பூஜ்யத்தில் வைத்த வெளிச்சம்

அக்காவின் போனை முதன்முதலில் பார்க்கிற எவரும் அது செத்துப்போன போன் என்றே நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வெறும் கறுப்புக் கண்ணாடி. அதன் மேல் அவருடைய ஆள்காட்டி விரல் இடமும் வலமுமாக வழுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு காதில் மட்டும் இயர்போன். மற்றொரு காதை எங்களுக்காக விட்டு வைத்திருப்பார்.

ஒருநாள் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த பெண்மணி பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"ஏம்மா, போன் ஆஃப் ஆயி எவ்ளோ நேரமாச்சு. வெறுங் கண்ணாடியத் தேச்சுக்கிட்டே வர்றியே."

"அப்படிங்களா?" என்றார் அக்கா. "அதான் கண்ணாடி இவ்ளோ சுத்தமா இருக்குங்க."

அந்தப் பெண்மணி முறைத்தார். அக்காவின் மடக்குக் குச்சி பைக்குள் இருந்தது. அவருக்குப் பார்வை இல்லை என்பது, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அவர் குச்சியை விரித்தபோதுதான் அந்தப் பெண்மணிக்குத் தெரிந்தது. ஜன்னல் வழியாகக் கையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே போனார்.

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் ஒரு வீட்டின் மாடியில் பெண்கள் ஆறு பேர் தங்கியிருந்தோம். கீழே வீட்டுக்கார மாமி. நான் தில்லைநகரில் ஒரு மருத்துவ லேபில் ரிப்போர்ட் தட்டச்சு செய்யும் வேலையில் இருந்தேன். அக்கா கன்டோன்மென்ட் பக்கம் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். எங்கள் இருவரின் கட்டில்களும் அடுத்தடுத்து இருந்தன.

அவருடைய போன் அவருக்குப் படித்துச் சொல்லும். விரல் எதன் மேல் படுகிறதோ அதைக் காதில் பேசும். அந்தப் பேச்சின் வேகத்தை அவர் ஏற்றி வைத்திருந்த அளவுக்கு, அது தமிழா இங்கிலீஷா என்றே நமக்குப் புரியாது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கோட்டை இடது பக்கக் கடைசிக்கு இழுத்து விட்டிருப்பார். அதற்கும் கீழே இன்னும் மங்கலாக்க ஒரு வழி இருக்கிறது. அதையும் போட்டிருப்பார். இருட்டறையில் கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஏதோ நகர்வது தெரியும். பகலில் ஒன்றும் தெரியாது.

"வெளிச்சம் உங்களுக்கு. சார்ஜ் எனக்கு," என்பார்.

எங்கள் போன்கள் எல்லாம் சாயங்காலம் சிவப்புக் கோட்டில் துடிக்கும். அவருடையது இரண்டு நாள் தாங்கும். அந்தச் சதவீதத்தை வைத்துத்தான் அவர் நாளையே அளந்தார். காலையில் நூறில் கிளம்புவார். சத்திரத்தில் தொண்ணூற்றெட்டு. அலுவலகப் படியேறும்போது தொண்ணூற்றேழு. "எண்பத்தாறுல சாப்டேன், அதுக்குள்ள பசிக்குது," என்பார். முதலில் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

பிறகு ஒருநாள் முசிறிப் பெண் மாட்டிக்கொண்டாள். எங்கள் அறையில் மூன்றாவது கட்டில் அவளுடையது. அவள் போனில் டேட்டா தீர்ந்துவிட்டது. அக்கா குளிக்கப் போன நேரத்தில் அவர் போனை எடுத்து, பேச்சை நிறுத்தி, வெளிச்சத்தை ஏற்றி, ஏதோ காமெடி பார்த்தாள். முடிந்ததும் எல்லாவற்றையும் பழையபடியே வைத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஓர் அணுவும் இடம் மாறவில்லை.

அக்கா தலையில் துண்டோடு வந்தார். போனைத் தொட்டார். விரல் நின்றது.

"அறுபத்தி மூணுல வெச்சிட்டுப் போனேன். அம்பத்தொம்பதுல இருக்கு."

முசிறிப் பெண் என்னைப் பார்த்தாள்.

"நாலு பெர்சென்ட். பாட்டா இருந்தா ஒண்ணுதான் போயிருக்கும். படம் பாத்திருக்கீங்க, வெளிச்சத்த ஏத்தி. யாருன்னு கேக்கல. மறுபடி எறக்குனீங்களான்னு மட்டும் சொல்லுங்க."

"எறக்கிட்டேன்கா," என்றாள் முசிறிப் பெண், அழும் குரலில்.

"சரி. காமெடி நல்லாருந்துச்சா?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யார் எதைத் தொட்டாலும் இவருக்குத் தெரிந்துவிடும் என்கிற பயம் அன்றைக்கு வந்தது. என்னைப் பற்றிச் சொன்னால்தான் அந்தப் பயம் புரியும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். துறையூர்ப் பக்கத்து எங்கள் ஊரில் அப்பா, அம்மா, சித்தி, மாமா யாருடைய போனுக்கு எது வந்தாலும் அது என் கைக்கு வரும். ஆஸ்பத்திரி ரிப்போர்ட், வங்கிச் செய்தி, சம்பந்தி வீட்டுக் கோபம் எல்லாவற்றையும் நடு வீட்டில் நின்று உரக்கப் படிப்பேன். "எம் பொண்ணு கடகடன்னு படிப்பா," என்று அம்மா அக்கம்பக்கத்தைப் பார்ப்பாள். எனக்கு அதில் இன்றைக்கும் பெருமை உண்டு. ஆனால் கண்ணில் படுகிற எழுத்தை எல்லாம் படித்துவிடுவது என் கையோடு ஒட்டிக்கொண்டது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் திரையையும் படிப்பேன். அது தப்பு என்று யாரும் சொன்னதில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

அக்காவிடம் ஒருமுறை கேட்டேன்.

"சார்ஜுக்காக மட்டுமாக்கா இப்படி இருட்டா வெக்கிறீங்க?"

அவர் கொஞ்ச நேரம் இயர்போன் கம்பியை விரலில் சுற்றினார்.

"முன்னாடி எல்லார் மாதிரியும்தான் வெச்சிருந்தேன். ஆபீஸ்ல எனக்குப் பின்னாடி சீட்டுல ஒருத்தர். ஒருநாள் என் பிரெண்டுக்கு ஒரு மெசேஜ் எழுதினேன். எங்க மேனேஜரப் பத்தி. நக்கலா. எழுதி முடிக்கிறேன், பின்னாடி சிரிக்கிறாரு. நான் வாயத் தொறக்கவே இல்ல."

"அய்யோ."

"எத்தனை நாளாப் படிக்கிறாருன்னு தெரியல. அதுக்கு முன்னாடி என்னென்ன எழுதினேன்னு யோசிச்சிட்டே இருந்தேன். ஒரு வாரம் தூக்கம் இல்ல. என் வீட்டுக் கதவு தெறந்து கெடக்குன்னு ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. அந்த மாதிரி."

அன்றைக்கு இறக்கிய வெளிச்சத்தை அவர் பிறகு ஏற்றவே இல்லை.

மாமிக்கு இது எதுவும் புரியாது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு மாடியேறி வருவார். அக்கா தன் மூலையில் இருட்டில் உட்கார்ந்து கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருப்பார். மாமி பட்டென்று டியூப் லைட்டைப் போடுவார்.

"பெருமாள் பொறப்பாடு ஆற நேரத்துல இருட்டுல ஒக்காந்துண்டு இருக்கலாமோடி? லட்சுமி எப்படி உள்ள வருவா?"

"கையைப் பிடிச்சு நான் கூட்டிட்டு வரேன் மாமி. எனக்கு இந்த ரூமுல வழி நன்னாத் தெரியும்."

மாமி சிரித்துவிட்டு, லைட்டை அணைக்காமல் போவார். அக்கா எழுந்து போய் அணைப்பார். லைட் எரிகிறதா என்பதை அதன் ரீங்காரத்தை வைத்துத் தெரிந்துகொள்வார்.

அந்தக் கறுப்புத் திரையை நம்பி அவர் போனில் இருப்பதை மறைத்து வைத்திருந்தது தன் அண்ணனிடமிருந்துதான்.

அண்ணன் காட்டூரில் இருந்தார், பொன்மலையில் வேலை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பைக்கில் வருவார். ஆண்கள் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது மாமியின் சட்டம். அதனால் அக்கா கேட்டின் உள்பக்கப் படியில் உட்கார்ந்திருப்பார், அண்ணன் வெளியே நிற்பார். டிபன் கேரியரில் அண்ணி கொடுத்த குழம்பு வரும். பத்து நிமிடம் பேசிவிட்டு, "எங்க, போனக் குடு," என்பார். யாராவது தங்கையை ஏமாற்றிவிடுவார்கள் என்கிற பயம் அவருக்கு. வாங்கிப் பார்ப்பார். கறுப்பு.

"டிஸ்ப்ளே போயிடுச்சா பாப்பா? மாத்திக் குடுக்கவா?"

"எனக்கு எதுக்குண்ணே டிஸ்ப்ளே?"

அண்ணன் ஒரு கணம் திகைத்து, பிறகு சிரித்து, போனைத் திருப்பிக் கொடுப்பார். போனில் ஒன்றும் பார்க்க முடியாது என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். அக்கா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அவர் கெட்டவர் இல்லை. பெற்றோர் போன பிறகு ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தங்கையை வளர்த்தவர். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார், இங்கிலீஷ் தெரியாது. ஆனால் நான் வருவதற்கு முன்பு அக்காவுக்குச் சென்னையில் ஒரு வேலை கிடைத்தது. கடிதம் தபாலில் காட்டூர் வீட்டுக்கு வந்துவிட்டது. அண்ணன் பக்கத்து வீட்டுக்காரரைப் படிக்கச் சொல்லி, அதில் இருந்த நம்பருக்குத் தானே போன் போட்டு, "எந் தங்கச்சி வரமாட்டா," என்று சொல்லிவிட்டார். அக்காவுக்கு அது தெரிந்தபோது அந்த இடத்தில் வேறொருவர் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அதன் பிறகுதான் அக்கா வீட்டை விட்டு ஸ்ரீரங்கத்துக்கு வந்தார். அதற்கே அண்ணன் மூன்று மாதம் பேசவில்லை.

இவ்வளவும் அக்கா என்னிடம் சொன்னது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், மொட்டை மாடியில். சொல்வதற்குக் காரணம் இருந்தது. பெங்களூரிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை அவருடைய போனால் படிக்க முடியவில்லை. "இமேஜ், இமேஜ்னே சொல்லிக்கிட்டு இருக்கு," என்றார். அப்போதுதான் முதன்முதலாக அந்தப் போனை என் கையில் கொடுத்தார்.

அன்று வெயில் இன்னும் சாயவில்லை. திரையில் என் முகம்தான் தெரிந்தது. மங்கலாக்கும் அமைப்பை எடுத்தேன். போதவில்லை. ஆட்டோ என்று இருந்ததைத் தட்டினேன். திரை பளீரென்று விரிந்தது. இரண்டு வரி படிப்பதற்குள் அணைந்து அணைந்து போனதால், திரை அணையும் நேரத்தையும் பத்து நிமிடமாக்கினேன். பிறகு உரக்கப் படிக்கத் தொடங்கினேன். அக்கா என் வாயைப் பொத்தினார்.

"மெதுவாடி. ஊருக்குச் சொல்லாத."

போன், கம்ப்யூட்டர் எல்லாம் பார்வையில்லாதவர்களுக்குச் சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்துச் சொல்லும் வேலை. எட்டு மாதம் பயிற்சி, அதன்பின் அங்கேயே சம்பளம். அடுத்த புதன்கிழமை காலை சேர வேண்டும். அக்கா கையிரண்டையும் முட்டியில் அழுத்தி வைத்துக்கொண்டு கேட்டார். இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

"செவ்வா சாயங்காலம் வண்டி ஏறணும். அதுக்குள்ள ஒரு ஞாயித்துக்கிழமை வருது. அத மட்டும் தாண்டிட்டா போதும். யார்கிட்டயும் மூச்சு விடாத."

அறைக்கு வந்தோம். அக்காவின் மூலையில் வழக்கம்போல லைட் இல்லை.

"வெளிச்சத்த எறக்கிட்டியா?"

திரையைப் பார்த்தேன். மங்கிப் போய்க் கிட்டத்தட்ட இருட்டாக இருந்தது. நான் எதையும் இறக்கவில்லை. ஆனால் இறங்கித்தான் இருந்தது.

"எறக்கிட்டேன்கா," என்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோதே முகம் சரியில்லை.

"அம்பத்திரண்டு," என்றார். "எழுபதுக்கு மேல இருக்கணும். யாராவது எடுத்தீங்களா?"

முசிறிப் பெண் சத்தியம் செய்தாள். நான், "பேட்டரி பழசாயிருச்சு போலக்கா. கொஞ்ச நாள் ஆனா அப்படித்தான் எறங்கும்," என்றேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்லும்போது என் குரல் எப்போதும் கொஞ்சம் உயரும். அன்றும் உயர்ந்தது.

"பழசானா மெல்ல மெல்ல எறங்கும். இது ஒரே நாள்ல எறங்குது."

சனிக்கிழமை இன்னும் மோசம். அக்கா கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு மணிக்கும் இருந்த எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கே குறைகிறது என்று தேடினார். பஸ் ஸ்டாப்பில் ஆறு. அலுவலக வாசலில் நான்கு. அறைக்குள் இருக்கும்போது குறையவே இல்லை. அந்தக் கணக்கு அவருக்கு உதைத்தது.

"நீ எறக்கினேல்ல?" என்று மறுபடி கேட்டார்.

போனை வாங்கிப் பார்த்தேன். அறையில் திரை மங்கலாகத்தான் இருந்தது.

"இருட்டாத்தான்கா இருக்கு."

"சரி," என்றார். நம்பவில்லை என்பது அந்தச் சொல்லில் தெரிந்தது. ஆனால் என் கண்ணை விட்டால் அதைச் சரிபார்க்க அவருக்கு வேறு வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். நான் மாடி வராந்தாவில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழே கேட் படியில் அக்கா உட்கார்ந்திருந்தார், மடியில் போன், ஒரு காதில் இயர்போன். வெயில் நேராக அவர் மேல் விழுந்தது. அவர் மடியில் வெள்ளையாக ஒரு சதுரம். கண்ணாடியில் வெயில் பட்டுத் தெறிக்கிறது என்று நினைத்தேன். அடுத்த கொடிக்கு நகர்ந்து பார்த்தபோதும் அது வெள்ளையாகவே இருந்தது. அதில் வரிகள் ஓடின. மாடியிலிருந்து எனக்கே தெரிந்தன.

அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. ஆட்டோ. இருட்டில் தானாகக் குறையும், வெயிலில் தானாக ஏறும். அறைக்குள் அது குறைந்ததை நான் என் கணக்கில் எழுதிக்கொண்டேன். இரண்டு நாட்களாகப் பஸ் ஸ்டாப்பிலும் அலுவலக வாசலிலும் அவர் எழுதியதை எல்லாம் ஊர் படித்திருக்கலாம். அவருக்கு மட்டும் தெரியாது.

"அக்கா" என்று வாயெடுப்பதற்குள் பைக் சத்தம் கேட்டது. துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். படிகளில் கால் வழுக்கியது. நான் கீழே வரும்போது அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டின் மேல் குனிந்துகொண்டிருந்தார்.

"என்ன பாப்பா, டிஸ்ப்ளே வந்துருச்சு?"

அக்காவின் விரல் அசையாமல் நின்றது.

"என்னது?"

"பளிச்சுன்னு எரியுதே. எழுத்தெல்லாம் தெரியுது. யாரு சரி பண்ணிக் குடுத்தா?"

கம்பிகளுக்கிடையே கையை விட்டு மடியிலிருந்து போனை எடுத்தார். இயர்போன் கழன்று விழுந்தது. போன் உடனே உரத்த குரலில், அந்த அசுர வேகத்தில் பேசத் தொடங்கியது. அண்ணன் பதறிப்போய் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, நீ படிச்ச புள்ளதான. இங்கிலீஷ்ல என்னமோ வந்துருக்கு. என்னன்னு பாத்துச் சொல்லு."

எங்கள் அப்பா நீட்டுவதைப் போலவே நீட்டினார். இரண்டு கையாலும், திரை என் பக்கம் இருக்கும்படி. பெங்களூரிலிருந்து வந்த செய்தி திரையில் இருந்தது. அண்ணன் என் வாயையே பார்த்தார். அக்கா தலையை என் பக்கம் சாய்த்திருந்தார். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை தாண்ட வேண்டும் என்று அவர் சொன்னது இதுதான்.

"ஆபீஸ் லீவு லிஸ்டுண்ணே," என்றேன். "அடுத்த மாசம் எந்தெந்த நாள் லீவுன்னு போட்டுருக்காங்க."

குரல் நடுங்கவே இல்லை. அண்ணனின் தோள் தளர்ந்தது.

"அவ்ளோதானா? நான் வேற என்னமோன்னு பயந்துட்டேன்."

முடிந்தது என்று நினைத்தேன். போனை அக்காவின் கையில் வைக்கப் போனேன். அக்கா கையை நீட்டவில்லை.

"அது லீவு லிஸ்ட் இல்ல."

"அக்கா..."

"அவருக்கு இங்கிலீஷ் தெரியாதுங்கறதாலதான இப்படிச் சொல்ற?" அக்காவின் குரல் உயரவில்லை. "எனக்குத் தெரியாதுன்னா எனக்கும் இப்படித்தான் சொல்லுவ, இல்ல? எறக்கிட்டேன்னு சொன்ன மாதிரி."

நான் போனை இன்னும் நீட்டிக்கொண்டே நின்றேன்.

"நான் அண்ணன்கிட்ட காட்டாம வெச்சிருந்தேன். இல்லாதத இருக்குன்னு சொன்னதில்ல. இப்ப ஒழுங்காப் படி. ஒரு வரி விடாம."

படித்தேன். அவ்வளவு கஷ்டப்பட்டு நான் எதையும் படித்ததில்லை. பயிற்சிக்குத் தேர்வானதற்கு வாழ்த்துகள். புதன்கிழமை காலை ஸ்டேஷனுக்கு எங்கள் ஆள் வருவார். தங்கும் இடம் தயார். நீங்கள் வருவதை இந்த நம்பரிலோ மெயிலிலோ இன்றைக்குள் உறுதி செய்யுங்கள். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்ல அண்ணனின் முகம் இறுகிக்கொண்டே போனது.

"பெங்களூரா?"

"ஆமாண்ணே."

"யாரு குடுத்த தைரியம் இது? காட்டூர் வாய்க்கால்ல விழுந்து கெடந்தியே, அப்ப தூக்குனது யாரு? அந்த ஊர்ல விழுந்தா யாரு தூக்குவா?"

"நீதான் தூக்குன. அதுக்கு முன்னாடி அந்த வாய்க்கால் ஓரமா ஆயிரம் தடவ விழாம நடந்துருக்கேன். அத நீ எண்ணலயே."

"பேசாத. இன்னிக்கு உறுதி பண்ணணும்னுதான போட்டுருக்கான்? அந்த நம்பருக்கு நானே பேசிக்கிறேன்."

என் கையிலிருந்து போனைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பைக் சீறிக்கொண்டு கிளம்பியது. டிபன் கேரியர் கேட்டருகே தரையில் இருந்தது.

"என்னடி அங்க சத்தம்?" என்று உள்ளேயிருந்து மாமி கேட்டார்.

அக்கா படியிலேயே நின்றார். அவருடைய கைகள் வெறுமையாக இருந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. விரல்கள் சேலை மடிப்பின் மேல் இடமும் வலமும் நகர்ந்தன.

"என் போன்ல இருந்து மெயில் அனுப்பலாம்கா. நான் எழுதறேன். நீங்க..."

"நீ எழுதி, நீயே படிச்சுக் காட்டி, நான் நம்பணும்." சட்டென்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு, "எவ்ளோ இருந்துச்சு?" என்றார்.

"பாக்கலக்கா."

"நாப்பத்தாறு. அணையற நேரத்தையும் நீ மாத்திருக்க, இல்ல?"

"பத்து நிமிஷம் வெச்சேன்."

"சட்டைப்பைக்குள்ள துணி உரசிக்கிட்டே இருக்கும். அணையாது. கத்திக்கிட்டேதான் இருக்கும்." அவர் உட்கார்ந்தார். "இரு. பாப்போம்."

கால்மணி நேரம் காத்திருந்தோம். வெயில் படியை விட்டு நகர்ந்தது. மன்னிப்பு கேட்க எனக்குச் சொற்கள் வரவில்லை. எந்தச் சொல்லை எடுத்தாலும் பொய் போல் இருந்தது.

வீதி முனையில் பைக் திரும்பும் முன்பே அந்தக் குரல் கேட்டது. கடகடவென்று, மூச்சு விடாமல். அண்ணன் வியர்த்து ஊற்ற வந்து நின்றார். சட்டைப்பை வெளிச்சமாக இருந்தது.

"இந்தச் சனியன எப்படி நிறுத்தறது? ஒரு பொத்தானத் தேடி அமுக்கினா இன்னும் சத்தமாக் கத்துது. நம்பர் போடலாம்னு தொட்டா, தொட்ட எடமெல்லாம் பேசுது. மாம்பழச் சாலை சிக்னல்ல ஒருத்தன், 'அண்ணே உங்க சட்டை பேசுது'ங்கறான்."

முசிறிப் பெண் மாடியிலிருந்து சிரித்துவிட்டாள். அண்ணன் நிமிர்ந்து பார்த்ததும் உள்ளே ஓடினாள்.

அக்கா கையை நீட்டினார். அண்ணன் சிறிது நேரம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு போனை எடுத்து அதில் வைத்தார். அக்கா ஒரே ஒரு தட்டுத் தட்டினார். வீதி அமைதியானது.

"இந்த இரைச்சலோட நாள் பூரா எப்படி இருக்க நீ?"

"உனக்கு அது இரைச்சல். எனக்கு அது எழுத்துண்ணே."

அண்ணன் பைக்கின் சீட்டில் சாய்ந்துகொண்டார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல நீ."

"கேட்டா வேணாம்ப."

"இப்பவும் வேணாம்னுதான் சொல்லுவேன்."

"சொல்லு. ஆனா அவங்களுக்குப் போன் பண்ணாத. போன தடவ பண்ண மாதிரி பண்ணாத. நான் போயிப் பாக்கறேன். முடியலன்னா நானே உனக்குப் போன் பண்ணி, வந்து கூட்டிட்டுப் போன்னு சொல்றேன். போயிட்டு வரட்டுமாண்ணே?"

அண்ணன் தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். தரையில் இருந்த டிபன் கேரியரை எடுத்துக் கேட்டின் உள்பக்கம் வைத்தார். பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்து மெதுவாகத் தலையை அசைத்தார். தங்கையிடம் எதையும் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று சிறுவயதிலிருந்தே பழகியவர். அன்றைக்கு மறந்துவிட்டார்.

அக்கா காத்துக்கொண்டிருந்தார். முகம் அண்ணன் பக்கம் திரும்பியிருந்தது. எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நான் சொல்லிவிட்டால் அந்தத் தவிப்பு அந்த நொடியே தீர்ந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அது எனக்கு வந்த செய்தி இல்லை.

ஒரு ஆட்டோ போனது. அண்ணன் இன்னொரு முறை அசைத்தார்.

"தலைய ஆட்டறியாண்ணே?" என்றார் அக்கா.

அண்ணன் திடுக்கிட்டார்.

"ஆமா."

"எந்தப் பக்கம்?"

அவர் தொண்டையைச் செருமினார். மறுபடி செருமிவிட்டுச் சொன்னார்.

"போயிட்டு வா, பாப்பா."